வயசுக் கோளாறா, வருத்தமா? பூப்பு, மனஅழுத்தம், சைக்கோசிஸ் பற்றி ஓர் எளிய விளக்கம்

போன வருடம் மாரி தொடங்குவதற்குச் சற்று முன்னர் ஒரு தாய் பாடசாலைக்கு வந்து என்னைச் சந்தித்தார். கையில் சுருட்டிப் பிடித்த ஒரு கலண்டர். நகைக்கடை ஒன்று வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தது. ஒவ்வொரு நாளின் கட்டத்துக்குள்ளும் நீலப் பேனையால் ஒரு நேரம் எழுதியிருந்தார். 2.10, 3.00, 3.45, இரண்டு இடத்தில் "விடியும் வரை". மகன் நித்திரைக்குப் போன நேரங்கள்.

"முந்தி ஒன்பது மணிக்கே கண் சொருகிற புள்ள சேர். இப்ப ராவில நித்திரையும் இல்ல, பகல்ல எழும்புறானும் இல்ல. வகுப்பில எல்லாரும் தன்னைப் பத்தித்தான் கதைக்கிறாங்களாம். இது வயசுக் கோளாறா, வருத்தமா?"

நான் விஞ்ஞான ஆசிரியன், வைத்தியன் அல்ல. ஒவ்வொரு வருடமும் ஹோர்மோன் பாடம் எடுக்கிறேன். பின்வாங்கில் இருப்பவர்கள் வழக்கம்போலச் சிரிப்பார்கள், நானும் வழக்கம்போல முறைப்பேன். அந்தத் தாயின் கேள்விக்குப் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை. தேடிப் படித்தேன். படித்ததை மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் பெற்றோரும் ஆசிரியர்களும் விளங்கிக்கொள்ளும்படி சொல்லிப் பார்க்கிறேன். அந்தப் பிள்ளையை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். சைக்கோசிஸ் என்பது ஒரு தனி நோயின் பெயர் அல்ல, ஒரு நிலையின் பெயர். இல்லாத குரல் கேட்பது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று அசைக்க முடியாமல் நம்புவது, பேச்சுக் கோவை இல்லாமல் சிதறுவது எல்லாம் இதில் அடங்கும். மனச்சிதைவு நோயில் (ஸ்கிசோஃப்ரினியா) இது வரும். கடுமையான மனச்சோர்விலும் வரலாம், ஐஸ் போன்ற போதைப்பொருளாலும் வரலாம். அப்புறம், நம் ஊரில் மனஅழுத்தம் என்றால் நெருக்கடி, பாரம் என்ற பொருள். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் சில நேரம் அதே சொல்லை மனச்சோர்வு நோய்க்கும் எழுதுவார்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்வது நெருக்கடியைத்தான்.

உடம்பு நெருக்கடியை எப்படிச் சமாளிக்கிறது?

நாய் துரத்தினால் முதலில் வருவது அட்ரீனலின். நெஞ்சு அடிக்கும், கால் ஓடும். அது விநாடிக் கணக்கு. அதற்குப் பின்னால் நிதானமாக இன்னொன்று வருகிறது, அதுதான் கோர்ட்டிசோல். மூளையின் அடியில் இருக்கும் பரிவகக்கீழ் (ஹைப்போதலமஸ்) ஒரு செய்தி அனுப்புகிறது. அது கபச்சுரப்பிக்குப் போகிறது. கபச்சுரப்பி இரத்தம் வழியாகச் சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அதிரீனல் சுரப்பிகளுக்கு இன்னொரு செய்தி அனுப்புகிறது. அங்கிருந்து கோர்ட்டிசோல் வெளியாகும். பயந்த கணத்திலிருந்து கோர்ட்டிசோல் உச்சத்துக்கு வர இருபது, முப்பது நிமிடம் எடுக்கும். நாய் போய், நீங்கள் வீட்டில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிக்கும்போதுதான் அது உச்சத்தில் இருக்கும்.

கோர்ட்டிசோல் கெட்ட சாமான் அல்ல. அது இல்லாமல் காலையில் எழும்பவே முடியாது. கண் விழித்து அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் ஒருமுறை நன்றாக ஏறும். பிறகு நாள் முழுக்க மெல்ல இறங்கி நடுச்சாமத்தில் அடிமட்டத்துக்குப் போகும். ராவில் விழித்துப் பகலில் தூங்குகிற பிள்ளையின் உடம்பில் இந்தத் தாளம் குழம்பும்.

இதில் முக்கியமான விஷயம் நிறுத்தம். வீட்டுக் கூரையில் தண்ணீர்த் தாங்கி வைத்திருப்பவர்களுக்கு உள்ளே மிதக்கிற பந்து வால்வைத் தெரியும். தண்ணீர் ஏற ஏற அந்தப் பந்தும் ஏறி, குழாயைத் தானே அடைத்துவிடும். கோர்ட்டிசோலும் அப்படித்தான். அளவு ஏறியதும் அதுவே மூளைக்குப் போய் "போதும்" என்று சொல்கிறது. அந்தச் சொல்லைக் கேட்கும் இடங்களில் முக்கியமான ஒன்று ஹிப்போகாம்பஸ், நினைவுக்குப் பொறுப்பான பகுதி. நெருக்கடி நாள்கணக்கில், மாதக்கணக்கில் நீண்டால் கேட்கிற இடமே தேயத் தொடங்கும். வால்வு பழுதான தாங்கி நிறைந்த பிறகும் வழிந்துகொண்டே இருப்பது போல, அழைப்பு மணியை நிறுத்த ஆள் இருக்காது.

பூப்பு இதில் எங்கே வருகிறது?

பெரியபிள்ளையானால் சாமத்திய வீடு செய்கிறோம், வாழையிலை, வெற்றிலை, புகைப்படம், எல்லாம் உண்டு. ஆனால் பூப்பு ஒரு நாளில் நடப்பதல்ல. முதல் மாதவிடாய் வரும்போது அந்த வேலை முக்கால்வாசி முடிந்திருக்கும். ஆறு முதல் எட்டு வயதிலேயே அதிரீனல் சுரப்பி வேறு சில ஹோர்மோன்களைச் சுரக்கத் தொடங்கிவிடுகிறது. பின்னர் பெண்பிள்ளைகளில் பெரும்பாலும் 8 முதல் 13 வயதுக்குள், ஆண்பிள்ளைகளில் 9 முதல் 14 வயதுக்குள், பரிவகக்கீழ் விட்டுவிட்டுத் துடிப்பாக ஒரு ஹோர்மோனை அனுப்பத் தொடங்கும். அதன் தூண்டலில் சூலகமும் விதையும் விழித்துக்கொள்ளும். ஆண்பிள்ளைக்குச் சடங்கு கிடையாது, அதனால் அவனுக்கும் இதே அளவு கொந்தளிப்பு நடக்கிறது என்பதை வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. எனக்கு இது ஒரு மனக்குறை.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பாலியல் ஹோர்மோன்களையும் கோர்ட்டிசோலையும் நடத்துவது அதே பரிவகக்கீழும் அதே கபச்சுரப்பியும். ஒரே அலுவலகத்தில் இரண்டு கிளைகள். பூப்புக் காலத்தில் கோர்ட்டிசோலின் சராசரி அளவு படிப்படியாக உயர்கிறது. எலிகளில் செய்த சோதனைகளில் இன்னொன்றும் தெரிந்தது. பருவமடையாத எலியைப் பயமுறுத்தினால், அதன் நெருக்கடி ஹோர்மோன் பழைய மட்டத்துக்கு இறங்க வளர்ந்த எலியைவிட நீண்ட நேரம் எடுக்கிறது.

இதே வருடங்களில் மூளை தன் இணைப்புகளைக் கழிக்கிறது. மாமரத்தில் வேண்டாத கிளையைக் கழிப்பது போல, பயன்படாத நரம்பிணைப்புகளை வெட்டிவிட்டு, பயன்படுவதைப் பலப்படுத்துகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி, நிதானம், திட்டமிடல், "இது உண்மையா, என் கற்பனையா" என்று சரிபார்த்தல் எல்லாம் செய்கிற பகுதி, கடைசியாகத்தான் முற்றுகிறது. அது இருபதுகளின் நடுப்பகுதி வரை போகும். அதாவது, நெருக்கடியின் சத்தம் கூடுகிற வயதும், அந்தச் சத்தத்தை மட்டுப்படுத்த வேண்டிய பகுதி இன்னும் வேலை பழகிக்கொண்டிருக்கிற வயதும் ஒன்று.

எல்லாப் பிள்ளைகளும் இதைக் கடக்கின்றன. பெரும்பாலானவர்களுக்கு மிஞ்சுவது பருவும், கோபமும், கதவைப் படாரென்று சாத்துவதும்தான்.

ஒரே மழை, இரண்டு காணி

மட்டக்களப்பில் மாரியில் ஆறு பெருகினால் என்ன நடக்கும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே மழைதான் பெய்கிறது. மேட்டுக்காணிக்காரர் வாசலில் கால் நனைப்பதோடு சரி, பள்ளக்காணிக்காரர் வீட்டுக்குள் பாயும் தலையணையும் மிதக்கும். மழையும் தனியாகக் காரணமல்ல, பள்ளமும் தனியாகக் காரணமல்ல. 1977இல் சூபின், ஸ்பிரிங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மனச்சிதைவு நோய்க்குச் சொன்ன விளக்கமும் இதே அமைப்புத்தான். உள்ளே ஒரு பலவீனம், வெளியே ஒரு நெருக்கடி, இரண்டும் சந்திக்கும்போது நோய்.

1997இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலைன் வோக்கர், இன்னொரு ஆய்வாளருடன் சேர்ந்து, இந்த விளக்கத்துக்குள் கோர்ட்டிசோலைக் கொண்டுவந்து வைத்தார். அவர்கள் சொன்னது சுருக்கமாக இது. நெருக்கடி கோர்ட்டிசோலை ஏற்றுகிறது. கோர்ட்டிசோல் மூளையில் டோபமைனின் வேலையைத் தூண்டிவிடுகிறது. டோபமைன் ஒரு விஷயத்துக்கு "இது முக்கியம், கவனி" என்று முத்திரை குத்துகிற இரசாயனம். அது அளவுக்கு மிஞ்சினால், பக்கத்து மேசையில் யாரோ சிரித்ததுகூட "என்னைப் பார்த்துத்தான்" என்று ஆகிவிடும். அந்தத் தாய் சொன்ன வார்த்தைகளை இங்கே நினைத்துப் பாருங்கள்.

வோக்கர் அதற்கு முன்னர் செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. பிற்காலத்தில் மனச்சிதைவு வந்தவர்களின் குழந்தைப்பருவ வீட்டுப் படச்சுருள்களைச் சேகரித்தார். பிறந்தநாள், கடற்கரை, சகோதரர்களுடன் விளையாட்டு. யாருக்கு நோய் வந்தது என்று தெரியாதவர்களிடம் போட்டுக் காட்டினார். கை அசைவிலும் முகபாவத்திலும் இருந்த சின்னச் சின்ன வேறுபாட்டை வைத்தே அவர்கள் தற்செயலாக ஊகிப்பதைவிட அதிகமாகச் சரியாகச் சொன்னார்கள். ஆக, பள்ளம் முன்பே அங்கே இருந்திருக்கிறது. பூப்பு பள்ளத்தை வெட்டவில்லை, தண்ணீரைக் கொண்டுவந்தது. வீட்டு வீடியோவை எடுத்து வைத்துக்கொண்டு பிள்ளையை ஆராயத் தொடங்கிவிடாதீர்கள். அந்த வேறுபாடுகள் மிக நுண்ணியவை, ஒரு தனிப் பிள்ளையைப் பற்றி எதையும் சொல்லாதவை.

பின்னர் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக எட்டு நிலையங்கள் சேர்ந்து ஒரு பெரிய ஆய்வு நடத்தின. லேசான அறிகுறிகள் தென்பட்ட இளம்பிள்ளைகளைச் சேர்த்து, அவர்களின் எச்சிலில் கோர்ட்டிசோலை அளந்து, வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 2013இல் வெளியான முதல் முடிவுகளின்படி, ஆபத்தில் இருந்தவர்களின் கோர்ட்டிசோல் ஆரோக்கியமான சமவயதினரைவிட உயர்ந்திருந்தது. பின்னர் முழு நோய்க்குப் போனவர்களின் அளவு, அறிகுறி மறைந்து தேறியவர்களுடையதைவிடக் கூடுதல். ஆனால் இரு பக்கத்து எண்களும் ஒன்றின்மேல் ஒன்று நிறையவே விழுந்திருந்தன. எச்சிலைச் சோதித்து "உங்கள் மகனுக்கு வரும், வராது" என்று சொல்லக்கூடிய சோதனை எதுவும் இல்லை. எவராவது அப்படிச் சொல்லிக் காசு கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

ஆண்களுக்கு மனச்சிதைவு நோய் பெண்களைவிட மூன்று, நான்கு வருடம் முந்தித் தொடங்குகிறது என்று ஜேர்மனியின் மான்ஹைம் நகரில் ஹைன்ஸ் ஹெஃப்னர் குழுவினர் காட்டினார்கள். பெண்களில் மாதவிடாய் நிற்கும் வயதையொட்டி இரண்டாவதாக ஒரு சிறிய ஏற்றம் தெரிகிறது. பெண் ஹோர்மோனான ஈஸ்திரஜன் டோபமைனைக் கொஞ்சம் அடக்கி வைக்கிறது, அது குறையும்போது அந்தக் காவல் தளர்கிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

ஆபத்து என்பது தீர்ப்பு அல்ல

மூன்று விதமான பிள்ளைகளை இந்தத் துறையில் ஆபத்தில் உள்ளோர் என்கிறார்கள். லேசான அறிகுறி உள்ளவர்கள், ஒரு சில நாள் மட்டும் கடுமையான அறிகுறி வந்து தானாக அடங்கியவர்கள், தாய் தகப்பனுக்கோ உடன்பிறப்புக்கோ நோய் இருந்து தங்களின் படிப்பும் நடமாட்டமும் திடீரென்று சரிந்தவர்கள். இப்படி நிலையத்துக்கு வந்து அடையாளம் காணப்பட்டவர்களிலேயே மூன்று வருடத்துக்குள் முழு நோய்க்குப் போகிறவர்கள் ஏறத்தாழ நாலில் ஒருவர். மற்ற மூவர் போவதில்லை.

குரல் கேட்பதுகூட நாம் நினைப்பதைவிடச் சாதாரணம். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 17 வீதமானோரும், 13 முதல் 18 வயதினரில் 7.5 வீதமானோரும் இப்படி ஏதாவது ஓர் அனுபவத்தைச் சொல்லியிருந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது வந்த வழியே போய்விடுகிறது. நித்திரைக்குப் போகும் நேரம் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டது போல இருப்பது எனக்கும் நடந்திருக்கிறது.

நம் பகுதிக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும்போது தெய்வம் ஆடுகிறவர் கட்டுச் சொல்லுவார், அதாவது குறி சொல்லுவார். சடங்கு முடிந்து மறுநாள் அவர் வயலுக்குப் போவார், கடனைக் கணக்காகக் கொடுப்பார். அது சைக்கோசிஸ் அல்ல. இடமும் நேரமும் ஊரின் சம்மதமும் உள்ள ஒன்று. தனியறையில், நடுச்சாமத்தில், பிள்ளையைப் பயமுறுத்திக்கொண்டு, பாடசாலையை விட்டுத் துரத்துகிற குரல் வேறு. கோயிலில் நூல் கட்டுவதையோ, பள்ளிவாசலில் தண்ணீர் ஓதிக் குடிப்பதையோ வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அது தாய்க்கு ஒரு தெம்பு. அதோடு கிளினிக்குக்கும் கூட்டிப் போங்கள், அதற்காக ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். பிள்ளையைக் கட்டி வைப்பது, அடித்துப் பேயை விரட்டுவது, "கலியாணம் கட்டி வைத்தால் சரியாகிவிடும்" என்பது, இந்த மூன்றோடும் எனக்குச் சமாதானம் இல்லை. இவை மூன்றும் மழையைக் கூட்டுகிறவை.

வயசுக் கோளாறை வருத்தத்திலிருந்து எப்படிப் பிரிப்பது? வேறு பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள், அதே பிள்ளையின் போன வருடத்தோடு ஒப்பிடுங்கள். பூப்பில் நித்திரை நேரம் ஒன்று, இரண்டு மணி நேரம் பின்னால் போவது உடலியல், சோம்பல் அல்ல. ஆனால் விடியும்வரை விழித்திருப்பது வாரக்கணக்கில் தொடர்ந்தால், புள்ளிகள் சடாரென்று விழுந்தால், கிரிக்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவன் கதவைச் சாத்திக்கொண்டால், குளிப்பதை விட்டால், சந்தேகம் வந்து அதை நீங்கள் எவ்வளவு சொன்னாலும் அசைக்க முடியாமல் போனால், அது வயசின் வேலை மட்டும் அல்ல.

மழையைக் குறைப்பது எப்படி என்பதில் நம் கையில் நிறைய இருக்கிறது. சிறுவயதில் அடி, துன்புறுத்தல், புறக்கணிப்பு அனுபவித்தவர்களுக்குப் பின்னாளில் சைக்கோசிஸ் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று ஒரு பெரிய தொகுப்பாய்வு காட்டியது. இங்கே பெற்றோரே போரையும் 2004 சுனாமியையும் கடந்து வந்தவர்கள். தாய் மத்திய கிழக்கில், வீட்டில் நுண்கடன் வசூலிக்க வருகிறவரின் மோட்டார்சைக்கிள் சத்தம், விடியக்காலை ஐந்து மணி டியூசன், ஐந்தாம் வகுப்பிலிருந்தே புலமைப்பரிசில் பயம். கடனை நாளைக்கே அடைக்க முடியாது, தெரியும். ஆனால் பிள்ளையின் முன்னால் கத்துவதை இன்றைக்கே குறைக்கலாம். டியூசன் ஒன்றை நிறுத்தலாம். கஞ்சாவையும் ஐஸையும் பற்றி மிரட்டாமல் நேராகப் பேசலாம். பள்ளக்காணிப் பிள்ளைக்கு அவை இரண்டும் வெள்ளத்தில் திறந்துவிட்ட குளம் மாதிரி. முகத்துவாரத்தில் ஆற்றுவாய் வெட்டினால் வாவியின் இரு கரைகளான எழுவான்கரை, படுவான்கரை இரண்டிலும் தண்ணீர் இறங்குவது போல, ஓர் இடத்தில் பாரம் குறைந்தாலே முழு உடம்பும் கொஞ்சம் மூச்சு விடும்.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆபத்து நிலையில் மட்டும் இருக்கிற பிள்ளைக்கு சைக்கோசிஸ் மருந்தை எடுத்த எடுப்பில் கொடுக்க வேண்டாம் என்பதுதான் பிரித்தானிய வழிகாட்டல். பேச்சுவழிச் சிகிச்சை, குடும்பத்தோடு வேலை, கூடவே இருக்கும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் சிகிச்சை, இவைதான் முதலில். முழு நோய் தொடங்கிவிட்டால் கதை வேறு, அப்போது மருந்து தாமதிக்கக் கூடாது. மீன் எண்ணெய் கேட்பவர்களும் உண்டு. 2010இல் வியன்னாவில் 81 இளையோரிடம் செய்த சோதனையில் மீன் எண்ணெய் நோயைத் தடுத்தது போலத் தெரிந்தது, உலகமே சந்தோஷப்பட்டது. 2017இல் 304 பேரிடம் பல நாடுகளில் திரும்பச் செய்தபோது வித்தியாசம் எதுவும் இல்லை. வாவியில் பிடித்த மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிடுங்கள், நல்லதுதான். விலைகூடிய குளிசைக்குக் கடன்பட வேண்டாம்.

எங்கே போவது? மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. தூரம் என்றால் பக்கத்து ஆதார வைத்தியசாலையில் உளநலக் கிளினிக் எந்த நாள் என்று கேளுங்கள். யாரிடம் தொடங்குவது என்று தெரியாவிட்டால் தேசிய உளநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுத்துத் தமிழில் கதைக்கலாம். போகும்போது "புள்ள சரியில்ல" என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது தொடங்கியது, என்ன மாறியது, எத்தனை மணி நேரம் நித்திரை என்று எழுதிக்கொண்டு போங்கள்.

அந்தத் தாய் கலண்டரையே கொண்டு போனார். வைத்தியர் வேறு எதையும் பார்ப்பதற்கு முன் அதைத்தான் வாங்கிப் பார்த்தாராம். மகன் இப்போது இரண்டு கிழமைக்கு ஒருமுறை உளவளத்துணைக்குப் போகிறான், விடியக்காலை டியூசன் நின்றுவிட்டது, ராவில் போன் தாயின் தலையணைக்குக் கீழே. தை மாதத் தாளைக் கொண்டுவந்து காட்டினார். 12.30, 11.50, 11.15, நடுவில் ஒரு நாள் 2.40. ஒரு கட்டத்தில் நேரமே இல்லை.

"அண்டைக்கு எழுத மறந்துட்டன் சேர்," என்றார். "நான் முந்தி நித்திரையாகிட்டன்."